அவமானம் கிழக்குக்கு, குற்ற உணர்வு மேற்குக்கா?

கேள்வி இதுதான்: “மேற்கு நாட்டவர் தவறு செய்தால் மனச்சாட்சிக்கு அஞ்சுகிறார்கள், கீழை நாட்டவர் ஊர் வாய்க்கு அஞ்சுகிறார்கள் என்று பாடத்தில் படித்தேன். வெட்கமும் குற்ற உணர்வும் உண்மையிலேயே பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுகின்றனவா? அல்லது மனிதர் எல்லாருக்கும் ஒன்றுதானா?”

உளநல ஆலோசனைக்குப் பயன்படும் கேள்வித்தாள்களைத் தமிழாக்குவது என் வேலை. அந்த வேலையில் என்னை அதிகம் தவிக்கவிட்ட சொற்கள் இந்த இரண்டும்தான். ஒரு முறை, “கடந்த இரண்டு வாரங்களில் வெட்கமாக உணர்ந்தேன்” என்ற வரியைப் படித்துக்காட்டியபோது, எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எந்த வெட்கம் தம்பி? யாருக்கு முன்னால்?” என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அவரிடம் பின்னர் வருகிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் படித்த பாடம் பாதிக்கு மேல் தவறு. இரண்டு உணர்வும் எல்லா மக்களிடமும் இருக்கின்றன. எதற்காக வெட்கப்பட வேண்டும், யார் முன்னால் வெட்கப்பட வேண்டும் என்பதில் பண்பாடுகள் வேறுபடுகின்றன. அதைவிட முக்கியமாக, வெட்கப்பட்டு நிற்கும் மனிதன் அடுத்து என்ன செய்யலாம், அவன் மறுபடி மனிதர் நடுவே வர வழி இருக்கிறதா என்பதில் வேறுபடுகின்றன. உணர்வை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அந்தப் பாடம் பிறந்தது போர்க்காலத்தில். 1944இல் அமெரிக்க அரசின் போர்ச் செய்தி அலுவலகம் ரூத் பெனடிக்ட் என்ற மானிடவியலாளரிடம், ஜப்பானியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஆராய்ந்து சொல்லும்படி கேட்டது. பகை நாட்டுக்குப் போய்க் களப்பணி செய்ய வழியில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரிடம் பேசினார், ஜப்பானியத் திரைப்படங்களைப் பார்த்தார், கிடைத்த நூல்களைப் படித்தார். அந்த ஆய்விலிருந்து உருவான ‘செவ்வந்தியும் வாளும்’ 1946இல் வெளிவந்தது. 1948இல் இறக்கும்வரை அவர் ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை.

அந்த நூலில் அவர் பண்பாடுகளை இரண்டாகப் பிரித்தார். வெட்கப் பண்பாட்டில் மனிதனை வெளியே இருக்கும் கண்கள் நெறிப்படுத்துகின்றன. குற்ற உணர்வுப் பண்பாட்டில் உள்ளே குடியிருக்கும் பாவ உணர்வு நெறிப்படுத்துகிறது. 1951இல் டாட்ஸ் என்ற அறிஞர் இதே பிரிவினையைப் பண்டைய கிரேக்கத்துக்கும் கொண்டுபோனார். அதன் பிறகு அது எங்கும் பரவிவிட்டது. ஆனால் பெனடிக்டே தம் நாட்டில் குற்ற உணர்வின் பிடி முன்பைவிடத் தளர்ந்துவருகிறது, வெட்கத்தின் சுமை கூடிவருகிறது என்றும் எழுதியிருந்தார். பிரிவினையைப் பாடமாக்கியவர்கள் அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஜப்பானியர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1967இல் சமூகவியலாளர் சகுதா கெய்ச்சி, பெனடிக்ட் பார்த்தது பலர் முன்னால் வரும் வெட்கத்தை மட்டும்தான், தன் முன் தானே கூசி நிற்கும் இன்னொரு வெட்கம் அவர் கண்ணில் படவில்லை என்று மறுத்து எழுதினார். எனக்கு இந்த வாதத்தைவிடப் பெரிய சான்றாகத் தோன்றுவது ‘நைக்கான்’ என்ற ஜப்பானியப் பயிற்சி. யோஷிமோட்டோ இஷின் என்பவர், தம் பௌத்தப் பிரிவில் இருந்த கடுமையான தன்னாய்வு முறை ஒன்றிலிருந்து அதை உருவாக்கினார். பயிற்சிக்கு வருபவர் ஓர் அறையின் மூலையில், மடிப்புத் திரைக்குப் பின்னால், ஒரு வார காலம் விடியற்காலையிலிருந்து இரவுவரை உட்கார்ந்திருப்பார். தம் தாயில் தொடங்கி ஒவ்வொருவரையும் நினைத்து மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வார். இவரிடமிருந்து நான் என்ன பெற்றேன்? இவருக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்தேன்? இவருக்கு நான் என்ன தொல்லை கொடுத்தேன்? அவர் எனக்கு என்ன தொல்லை கொடுத்தார் என்ற நான்காவது கேள்வி கிடையாது. வழிகாட்டி ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரைக்கு முன் வந்து அமர்ந்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். அறிவுரையும் கிடையாது, கண்டனமும் கிடையாது. ஜப்பானியச் சிறைகளிலும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, எப்போதோ தாய்க்குச் செய்த சிறு துரோகத்தை நினைத்து அழுகிற மனிதரை எந்த ஊர்க் கண் பார்க்கிறது? குற்ற உணர்வு இல்லாத பண்பாட்டில் இப்படி ஒரு பயிற்சி முளைத்திருக்க முடியாது.

சரி, இரண்டுக்கும் வேறுபாடே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குற்ற உணர்வில் மனம் செய்த செயலைப் பார்க்கிறது: “நான் இப்படிச் செய்துவிட்டேனே.” வெட்கத்தில், அதாவது அவமான உணர்வில், மனம் செய்தவனையே பார்க்கிறது: “நான் இப்படிப்பட்டவனா!” முதலாவது போய்ச் சரிசெய்யச் சொல்கிறது, மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது. இரண்டாவது ஒளிந்துகொள்ளச் சொல்கிறது; பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று தோன்ற வைக்கிறது. யாராவது பார்த்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. ஆளில்லா அறையிலும் அவமானம் வரும். ஆயிரம் பேர் நடுவிலும் குற்ற உணர்வு வரும்.

இந்த விளக்கம் எனக்குப் பல இடங்களில் உதவியிருக்கிறது. ஆனாலும் தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு இதில் ஒரு நெருடல் வரத்தான் செய்யும். இரண்டு அரசர்களைப் பாருங்கள்.

வெண்ணிப் போரில் கரிகாலன் எய்த ஆயுதம் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளியேறியது. முதுகில் காயம் என்றால் ஓடியவன் என்று பொருள். அவன் ஓடவில்லை. அது அவனுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும், களத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ‘புறப்புண் நாணி’ வடக்கிருந்து உயிர்விட்டான் என்று புறநானூறு பாடுகிறது. இங்கே தவறு எள்ளளவும் இல்லை. நாணம் மட்டுமே இருக்கிறது. வென்ற கரிகாலனிடமே, “உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா” என்று வெண்ணிக் குயத்தியார் பாடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. நாணியவனை அந்தச் சமூகம் தாழ்த்தவில்லை, வென்றவனுக்கும் மேலே தூக்கி வைத்தது.

இன்னொருவன் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த அந்தக் கணத்தில் அவன் சொன்னது: ‘யானோ அரசன், யானே கள்வன்.’ தவறான தீர்ப்பு என்ற செயலைப் பற்றிய குற்ற உணர்வுதான் இது, சந்தேகமே இல்லை. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது “நான் தவறாகத் தீர்ப்புச் சொன்னேன்” என்ற வாக்கியமா? “நான் அரசனா? நானே கள்வன்” என்கிறான். லூயிஸின் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இது அவமானத்தின் மொழி. இரண்டு உணர்வும் ஒரே மூச்சில், ஒரே வரியில், பிரிக்க முடியாதபடி வந்து விழுகின்றன. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கட்டங்களாகப் பிரித்து வைப்பது வசதி. மனிதர்கள் உடைந்து நிற்கும் தருணத்தில் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

சொற்களுக்கு வருவோம். ஒரு மொழி எந்த உணர்வுக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறது என்பதை வைத்தே அந்த மக்களின் உள்ளத்தை அளந்துவிட முடியாது. ஆனால் அவர்கள் எதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தமிழில் நாணம், வெட்கம், கூச்சம், மானம், அவமானம், தலைகுனிவு, இழிவு என்று வரிசையாக வருகின்றன. இவற்றில் எதுவும் இன்னொன்றின் இடத்தில் உட்காராது. வெட்கம் என்பது மணமகள் முகத்திலும் வரும், பிடிபட்ட திருடன் முகத்திலும் வரும். மானம் என்பது உணர்வே இல்லை, காக்க வேண்டிய உடைமை. அவமானம் பெரும்பாலும் இன்னொருவர் நமக்குச் செய்வது. இந்தக் குழப்பத்தை முதலில் பிரித்துக் காட்டியவர் வள்ளுவர்: ‘கருமத்தால் நாணுதல் நாணு, திருநுதல் நல்லவர் நாணுப் பிற.’ தன் செயலை நினைத்து நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே எல்லை போட்டுவிடுகிறார். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நான் திண்டாடிய அதே இடம்.

குற்ற உணர்வு என்பதோ ஒட்டிச் செய்த கூட்டுச் சொல். பேச்சில் அது இயல்பாக வராது. ‘மனம் உறுத்துகிறது’ என்போம். கண்ணில் விழுந்த தூசி உறுத்துவதைப் போல, வெளியே தெரியாமல், ஒவ்வொரு இமைப்பிலும் தைத்துக்கொண்டே இருப்பது. ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்ற குறளில் பார்க்கும் கண் எதுவும் இல்லை. சுடுவதும் சுடப்படுவதும் ஒரே நெஞ்சு. சொல் புதிது என்பதால் உணர்வும் புதிது என்று எண்ணிவிடக் கூடாது.

மற்ற மொழிகளிலும் இதே நிலைதான். சீன மொழியில் வெட்கம் சார்ந்த சொற்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. 113 சொற்கள் கிடைத்தன. சுமத்ராவின் பெங்குலு பகுதியில் ஆய்வு செய்த டேனியல் ஃபெஸ்லர், அங்கே மக்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் 52 உணர்வுச் சொற்களை வரிசைப்படுத்தினார். வெட்கத்தைக் குறிக்கும் ‘மலு’ இரண்டாம் இடத்தில் நின்றது. கலிபோர்னியாவில் அதே வேலையைச் செய்தபோது வெட்கம் 49ஆம் இடத்துக்குப் போய்விட்டது. தாஹித்தித் தீவினரிடையே வாழ்ந்த ராபர்ட் லெவி, அவர்கள் மொழியில் வெட்கத்துக்கு வலுவான சொல்லும் விரிவான பேச்சும் இருப்பதையும், குற்ற உணர்வுக்கென்று தனிச்சொல் இல்லாததையும் கண்டார். அதனால் அந்த உணர்வே அவர்களிடம் இல்லை என்று அவர் சொல்லிவிடவில்லை. பெயரில்லாத உணர்வு மங்கலாகவே கிடக்கும், அதைப் பற்றிப் பேசவும் சிந்திக்கவும் பிடி கிடைக்காது என்றார். எனக்கு மிகவும் பயன்பட்ட கருத்துகளில் இதுவும் ஒன்று.

ஸ்பானிய மொழியில் ‘பிறர் வெட்கம்’ என்றே ஒரு தொடர் உண்டு. யாரோ ஒருவர் மேடையில் உளறும்போது பார்த்துக்கொண்டிருக்கும் நாம் நெளிகிறோமே, அதுதான். ஜெர்மானியரும் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஷேம்’ என்ற சொல்லின் எல்லை இன்னும் விரிந்தது. தவறுக்கு மட்டுமல்ல, கூட்டத்திலிருந்து தனியே பிரித்து நிறுத்தப்பட்டாலே அது வரும். பாராட்டுக்காக நிறுத்தினாலும் வரும். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் மெச்சுகிற ஆசிரியர், தாம் அந்தப் பிள்ளையைக் கூனிக்குறுக வைத்ததை அறியாமலேயே போய்விடலாம்.

இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் பொதுவான உடல் ஒன்று இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட ஜூடோ வீரர்களின் படங்களை ஜெசிகா டிரேசியும் டேவிட் மட்சுமோட்டோவும் ஆராய்ந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள். பார்வையுள்ளவர்கள், பார்வை இழந்தவர்கள், பிறவியிலேயே பார்வையற்றவர்கள். தோற்றவுடன் தோள் சரிவதும் மார்பு ஒடுங்குவதும் பிறவியிலேயே பார்வையற்றவர்களிடமும் தெளிவாக இருந்தன. தோற்றவர் எப்படி நிற்பார் என்று அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. யாரிடம் அது குறைவாக இருந்தது தெரியுமா? தனிமனிதனை முன்னிறுத்தும் மேலை நாடுகளிலிருந்து வந்த, பார்வையுள்ள வீரர்களிடம். அவர்களுக்கு வெட்கம் வரவில்லை என்பதைவிட, அதை வெளிக்காட்டாமல் அடக்கப் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. தோள் சரிவது மனித இயல்பு. சரியும் தோளை நிமிர்த்திப் பிடிப்பது பண்பாடு.

டேனியல் ஸ்னைசரும் அவருடைய குழுவினரும் 2018இல் உலகின் 15 சிறு சமூகங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாராரிடம், “இப்படிச் செய்த ஒருவரை நீங்கள் எவ்வளவு தாழ்வாக எண்ணுவீர்கள்?” என்று கேட்டார்கள். இன்னொரு சாராரிடம், “இதை நீங்கள் செய்தால் எவ்வளவு வெட்கப்படுவீர்கள்?” என்று கேட்டார்கள். இரண்டு பதில்களும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. நம் உள்ளே இருக்கும் வெட்கம், சுற்றியிருப்பவர்கள் மனத்தில் நம் மதிப்பு எவ்வளவு இறங்கும் என்பதை ஏறக்குறையச் சரியாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மதிப்பு இறங்கும் என்ற அச்சமே போதும், தவறு செய்திருக்கத் தேவையில்லை. வன்முறைக்கு ஆளானவர் வெட்கப்படுவதும், வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவர் வெட்கப்படுவதும், வேலையிழந்தவர் வீட்டை விட்டு வெளியே வரக் கூசுவதும் இதனால்தான். “நீ ஒரு தவறும் செய்யவில்லையே, ஏன் வெட்கப்படுகிறாய்?” என்று அவர்களைக் கேட்பது வீண். வெட்கத்துக்குத் தவறு ஒரு நிபந்தனையே இல்லை.

அடுத்தது, வெட்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி. பண்பாடுகள் மிகத் தெளிவாகப் பிரிவது இங்கேதான். ஒடிசாவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷ்வேடர் மூன்று உணர்வுகளை முன்வைத்து, இவற்றில் ஒட்டாதது எது என்று கேட்டார்: மகிழ்ச்சி, வெட்கம், கோபம். அமெரிக்கர்கள் மகிழ்ச்சியைத் தனியே எடுத்தார்கள். மற்ற இரண்டும் துன்பம் தருபவை அல்லவா? ஒடியா மக்கள் கோபத்தைத் தனியே எடுத்தார்கள். மகிழ்ச்சியும், ‘லஜ்ஜா’ என்று அவர்கள் சொல்லும் வெட்கமும் மனிதரைச் சேர்த்து வைப்பவை, கோபம் பிரித்து நாசமாக்குவது. அவரும் உஷா மேனனும் காளியின் நாக்கைப் பற்றி எழுதியதும் இதையொட்டித்தான். வெறிகொண்டு ஆடும் காளி, தன் காலடியில் கிடப்பவன் சிவன் என்று உணர்ந்த கணத்தில் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அழிவை நிறுத்தியது வேறு எந்தப் படையும் இல்லை, அந்த லஜ்ஜாதான். வெட்கம் ஒரு நோய், அதிலிருந்து விடுபட வேண்டும் என்று மட்டுமே சொல்லும் சுயமுன்னேற்றப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு இந்தக் காளி நினைவுக்கு வருகிறாள்.

சீனச் சிந்தனையும் இதே பக்கம்தான். சட்டத்தாலும் தண்டனையாலும் ஆண்டால் மக்கள் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள், வெட்கம் இருக்காது. அறத்தாலும் முறைமையாலும் வழிநடத்தினால் வெட்கம் வரும், தாமே திருந்துவார்கள் என்பது கன்ஃபூசியஸ் வாக்கு. அவர் வழிவந்த மென்சியஸ் வெட்கத்தை நேர்மையின் முளை என்றார். இந்த நம்பிக்கை இன்றும் குழந்தை வளர்ப்பில் தெரிகிறது. ஹைடி ஃபங்கும் பெக்கி மில்லரும் தைபேயிலும் சிகாகோவிலும் குடும்பங்களுக்குள் சொல்லப்படும் கதைகளை ஒப்பிட்டார்கள். தைபேயில் இரண்டரை வயதுக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே, அது முன்பு செய்த குறும்பை விரிவாகச் சொல்லி, ஆட்காட்டி விரலால் கன்னத்தை வருடி ‘வெட்கம், வெட்கம்’ என்று காட்டுவார்கள். பல நேரம் குழந்தையும் சேர்ந்து சிரிக்கும். சிகாகோக் குடும்பங்கள் குறும்பை விட்டுவிடும், அல்லது குழந்தையின் மனம் நோகாதபடி மெருகேற்றிச் சொல்லும். இரண்டும் அன்பினால் செய்வதுதான். ஒன்று, உன் தவறோடும் உன்னை எங்களோடு வைத்துக்கொள்கிறோம் என்கிறது. மற்றது, தவறு உன்மேல் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது.

பாளி மொழிப் பௌத்த நூல்கள் இந்த இடத்தில் காட்டும் நுட்பம் எனக்கு ஈடில்லாததாகத் தோன்றுகிறது. ஹிரி, ஒத்தப்பம் என்ற இரண்டையும் அவை உலகைக் காக்கும் காவலர் என்கின்றன. ஹிரி என்பது தன்மதிப்பால் தீமையிலிருந்து கூசி விலகுவது. ஒத்தப்பம் என்பது பழிக்கும் விளைவுக்கும் அஞ்சி விலகுவது. உரையாசிரியர்கள் ஓர் இரும்புக் கம்பியை உவமை காட்டுகிறார்கள். அதன் ஒரு முனையில் மலம் பூசியிருக்கிறது, மறுமுனை பழுக்கக் காய்ந்திருக்கிறது. ஒரு முனையை அருவருப்பால் தொடமாட்டோம், அது ஹிரி. மறுமுனையைச் சுடும் என்று தொடமாட்டோம், அது ஒத்தப்பம். கம்பி ஒன்றுதான். உள்ளே, வெளியே என்று பெனடிக்ட் இரண்டு நாகரிகங்களாகப் பிரித்ததை இவர்கள் ஒரே மனத்தின் இரு முனைகளாக, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

இனி நான் முதலில் சொன்ன விஷயம், திரும்பி வரும் வழி. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு நெதர்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் உள்ள விற்பனையாளர்களைப் பார்த்தது. வாடிக்கையாளர் முன் அவமானப்படும் தருணங்களில் இரு நாட்டவருக்கும் உள்ளே வலித்தது. டச்சுக்காரர்கள் ஒதுங்கினார்கள், வேலையும் சரிந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதன் பிறகு உறவைச் சீராக்கக் கூடுதலாக முயன்றார்கள், வாடிக்கையாளரிடம் இன்னும் நெருங்கினார்கள். ‘ஹியா’ எனப்படும் வெட்கம் இல்லாதவன் என்பதே அங்கே கடும் வசை. வெட்கம் என்றால் ஓடி ஒளிவது என்று பாடநூல்கள் எழுதுவது எல்லா ஊருக்கும் பொருந்தாது.

சமோவாத் தீவுகளின் ‘இஃபோகா’ இதன் உச்சம். ஒருவன் கொலையோ பெருங்குற்றமோ செய்துவிட்டால், விடியும் முன்பே அவன் தரப்பினர் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு முன்னால் வந்து தலைகுனிந்து அமர்கிறார்கள். விலைமதிப்பற்ற நுண்பாயைத் தலைமேல் போர்த்திக்கொள்கிறார்கள். முகம் தெரியாது. பேச்சு இல்லை. வெயில் ஏறும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து தாக்கவும் கூடும், அப்படியே இருப்பார்கள். மன்னிக்க மனம் வந்தால் அந்த வீட்டார் வந்து பாயை எடுத்து, உள்ளே அழைத்துப் போவார்கள். குற்றம் ஒருவனுடையது, தலைகுனிவு குடும்பம் முழுவதற்கும். அவமானத்தை மறைக்காமல் அதையே உடம்பால் செய்து காட்டுவதும், அதை முடித்து வைக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுப்பதும் என்னை அசைக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழி அமைத்தது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், வயதுவந்த ஒவ்வொரு விசுவாசியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. பலர் பார்வையிலிருந்து விலகி, ஒரே ஒரு காதில், செயல் செயலாக எண்ணிச் சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகள் இப்படிப் பழகிய மனம் தவறுகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதில் வியப்பென்ன? மேற்கின் குற்ற உணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பயிற்சியின் விளைவு என்றே நான் நினைக்கிறேன்.

யூதர்களின் சமய நூலான தால்முத் மறுபக்கத்திலிருந்து எச்சரிக்கிறது. பலர் முன்னால் ஒருவனை அவமானப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமம். அதைக் கேட்ட ஒரு ரப்பி, அதாவது யூத சமய ஆசிரியர், உண்மைதான், முகத்தில் சிவப்பு போய் வெளுப்பு வருவதை நாமே பார்க்கிறோமே என்கிறார். அவமானப்பட்டவன் முகத்தை அவ்வளவு அருகே நின்று பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வழியே இல்லாமல் அடைத்துவிட்ட இடங்களும் உண்டு. குடும்ப மானம் என்ற பெயரில் ஒரு பெண்ணையோ அவள் தேர்ந்த துணையையோ கொல்லும் இடங்களில், வெட்கப்படுவது ஒருவர், விலை கொடுப்பது இன்னொருவர். தமிழ்ப் பத்திரிகைகள் ‘கௌரவக் கொலை’ என்ற சொல்லை விட்டு ‘ஆணவக் கொலை’ என்று எழுதத் தொடங்கியதை நான் மிகுந்த நன்றியோடு பார்க்கிறேன். பண்பாட்டு உணர்வு என்ற போர்வையை அந்த ஒரு சொல் உருவி எறிந்துவிட்டது. பண்பாடுகளை மதிக்க வேண்டும் என்பதற்காக இதையும் ஒரு வகை வெட்கம் என்று பட்டியலில் சேர்க்க என்னால் முடியாது.

ஒரு நாடே குற்ற உணர்வு கொள்ள முடியுமா என்பது தனிக் கேள்வி. சிறிது மட்டும் சொல்கிறேன். 1946இல் ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ், சட்டக் குற்றம், அரசியல் குற்றம், அறக் குற்றம், இவற்றுக்கும் அப்பால் மனிதன் என்ற முறையில் வரும் குற்றம் என்று நான்காகப் பிரித்தார். 1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட், நாஜிகளை எதிர்த்து எழுந்த யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்டார். நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். தனிப்பட்ட குற்றம் எதுவும் அவருக்கு இல்லை. சமோவாவில் பாயைப் போர்த்தி உட்காரும் உறவினருக்கும் இல்லை. குற்ற உணர்வுப் பண்பாடு என்று பாடத்தில் போட்ட நாட்டின் தலைவர், வெட்கப் பண்பாட்டுக்குரியது என்று சொல்லப்படும் சைகையைத்தான் அன்று செய்தார்.

கடைசியாக, அந்த அம்மா. அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மூன்று வரிகள் வைத்தோம். ‘நெஞ்சு உறுத்தியது.’ ‘தலைகுனிவாக இருந்தது.’ ‘ஒருவர் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது.’ மூன்றாவதற்குப் பக்கத்தில், யார் முகத்தில் என்று எழுதச் சிறிது இடமும் விட்டோம். சில மாதங்கள் கழித்துப் புதிய தாளோடு அவரை மறுபடி சந்தித்தேன். அவருடைய அக்கா நோயில் கிடந்தபோது, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகாமல் இருந்துவிட்டார். அக்கா போய்விட்டார். “யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை தம்பி. பிள்ளைகள்கூடக் கேட்கவில்லை” என்றார். முதல் வரியில் குறியிட்டார். இரண்டாவதை விட்டுவிட்டார். மூன்றாவதிலும் குறியிட்டு, பக்கத்தில் இருந்த இடத்தில் ‘அக்கா’ என்று எழுதிக் கொடுத்தார்.